ரப்பர் கையுறை

லண்டனில் இருக்கிற ஒரு சாராயக்கடையைப் பற்றி எழுதப்போகிறேன். லண்டன் போய் வந்தவர்கள் அரண்மனையைப் பற்றி எழுதுவார்கள், மணிக்கூண்டைப் பற்றி எழுதுவார்கள். நம்ம ஆட்கள் போனால் அண்ணல் அம்பேத்கர் 1921-22இல் குடியிருந்த வீட்டைப் பற்றி எழுதுவார்கள். நானும் முதலில் அங்கேதான் போனேன். கிங் ஹென்றி ரோடு, 10ஆம் நம்பர். சுவரில் நீல வட்டத்துக்குள் அவர் பெயர். வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். கண் கலங்கியது. எல்லாருக்கும் நடப்பதுதான். அதை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி நான் போன இடத்தைப் பற்றி நம்ம பக்கத்திலிருந்து எழுத ஆள் இல்லை. அதனால்தான் இது.

2019 கோடைக்காலம். ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். எனக்கு ஊர் சுற்றிக் காட்டியது அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி. நம்ம சேரிப்பிள்ளைதான். கூட்டங்களில் கோஷம் எழுப்பினால் சுவர் அதிரும், அப்படி ஒரு தொண்டை. பெயர் போடாமல் எழுதச் சொல்லியிருக்கிறான்.

"தோழர், பாபாசாகேப் வீட்டப் பாத்துட்டீங்க. ராத்திரிக்கு எங்க வீட்டப் பாக்க வாங்க" என்றான்.

"எங்க வீடுன்னா? உன் ரூமா?"

"இல்ல தோழர். வாங்க."

தேம்ஸ் ஆற்றுக்குத் தென்கரையில் வாக்ஸால் என்கிற இடம். ரயில் மேலே ஓடுகிறது, கீழே செங்கல் வளைவுகள். ஆற்றோரம் உளவுத்துறையின் பெரிய கட்டடம் ஒன்று, கோட்டை மாதிரி. அதற்கு எட்டின தூரத்தில் பேருந்துகள் சுற்றிச் சுற்றிப் போகிற சாலைக்கு நடுவே ஒரு பழைய கட்டடம் தன்னந்தனியாக நிற்கிறது. முகப்பு வில் மாதிரி வளைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் இருந்த வீடுகளை 1970களில் இடித்துத் தள்ளிவிட்டார்களாம். இது மட்டும் தப்பித்து நிற்கிறது. பின்னால் பூங்கா, அதையொட்டி ஒரு சின்னப் பண்ணை. ஆடு வளர்க்கிறார்கள். லண்டன் பட்டணத்து நடுவில் ஆட்டுப் புழுக்கை வாசனை வந்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

ராயல் வாக்ஸால் டாவர்ன் என்பது கடையின் பெயர். பப் என்று சொல்வார்கள். நம்ம டாஸ்மாக் மாதிரி நின்று ஊற்றிக்கொண்டு ஓடுகிற இடம் அல்ல. உட்காருவார்கள், பேசுவார்கள், பாடுவார்கள். இந்தக் கடை தன்பாலினத்தவர்களும் மாறிய பாலினத்தவர்களும் கூடுகிற கடை. ஆண்கள் பெண் வேசம் கட்டி மேடையில் ஏறிப் பாடுவதும் வம்பளப்பதும் இங்கே விசேஷம். அதை டிராக் என்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்திலிருந்தே இங்கே அது நடந்து வந்ததாகச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் மேடை கிடையாது. சாராயம் ஊற்றிக் கொடுக்கிற வளைந்த மரப்பலகை மேலேயே ஏறி நடந்து ஆடுவார்களாம். குடிக்கிறவன் தன் கிளாசை எடுத்துக் காலுக்கு வழி விடணும்.

வாசலில் நான் நின்றுவிட்டேன். தம்பி உள்ளே போய்விட்டு, நான் வரவில்லை என்று திரும்பி வந்தான். "என்ன தோழர்?" என்றான். ஒண்ணுமில்லை. பழக்கம். கடை என்றால் வாசலில் நிற்பது. எங்க ஊர் டீக்கடையில் எங்க டம்ளர் கூரை ஓலையில் செருகியிருக்கும். நாமே எடுத்து, நாமே கழுவி, நீட்டணும். மேலே இருந்து ஊற்றுவான். வயது அம்பதைத் தாண்டியும், எத்தனையோ ஓட்டலில் சாப்பிட்டும், தெரியாத கடை என்றால் கால் தானாக நிற்கிறது. சாராயக்கடையாக இருந்தாலும், சீமையாக இருந்தாலும் நிற்கிறது.

இந்தக் கட்டடம் கட்டப்பட்ட வருசங்கள் 1860-62. அதற்கு முன் அங்கே இருந்த வாக்ஸால் கேளிக்கைத் தோட்டம் பேர்போனது, 1859இல் மூடினார்கள். அந்த நிலத்தில் எழும்பியது இது. இந்தத் தேதியைக் கேட்டதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் நமக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் எழுதிக் கொடுத்தது 1860இல். நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1இல். அதில் 377ஆம் பிரிவு, இந்த மாதிரி ஆட்களுக்கு ஆயுள் தண்டனைவரை போடலாம் என்றது. கடையும் சட்டமும் ஒரே வயது, கூடப்பிறந்த பிள்ளைகள் மாதிரி. இங்கிலாந்தில் 1967இல் தனிமையில் இருக்கும் 21 வயசான இரண்டு ஆண்களை மட்டும் சட்டம் விட்டுக்கொடுத்தது. நமக்கு அந்த 377இன் பல்லைப் பிடுங்கினது 2018 செப்டம்பரில்.

அன்றைக்கு சனிக்கிழமை. சனிக்கிழமை ராத்திரிகளில் டக்கி என்ற குழு 1995 முதல் அங்கே நிகழ்ச்சி நடத்தி வந்தது. கூட்டத்தில் தோளோடு தோள் இடிக்கிறது. வெள்ளைக்காரர்கள்தான் அதிகம், நம்ம நிறத்தில் விரல்விட்டு எண்ணலாம். மேடையில் ஒருத்தர் வந்தார். ஆறடி உயரம், கோபுரம் மாதிரி டோப்பா, முழங்கைவரை சிவப்புப் பட்டுக் கையுறை. வந்த வேகத்தில் முன்வரிசையில் நின்றவர்களை வறுத்தெடுக்க ஆரம்பித்தார். ராணியை விடவில்லை, மந்திரிகளை விடவில்லை. பாதி எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தேன். ஏனென்றால் இந்த ஆளை எனக்குத் தெரியும். எங்க தெருக்கூத்தில் கட்டியக்காரன் இதைத்தான் செய்வான். ராஜா வருகிறார் என்று சொல்லிவிட்டு, ராஜாவின் வேட்டியை உருவுவான். இங்கே கட்டியக்காரனும் பொம்பள வேசமும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி காதில் சொன்னான்: "கையுறையப் பாத்தீங்களா? இந்தக் கடையில கையுறைக்கு ஒரு கதை இருக்கு தோழர்."

1980களில் இங்கே லில்லி சாவேஜ் என்ற வேசத்தில் ஒருத்தர் ஆடிவந்தார். பால் ஓகிரேடி என்பது சொந்தப் பெயர். பிர்கன்ஹெட் என்கிற துறைமுகப் பக்கத்து ஊரில் அய்ரிஷ் வழிவந்த உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. பிற்பாடு தொலைக்காட்சியில் பெரிய ஆளாகிவிட்டார். அதற்கு முன்னால் பகலில் முனிசிபாலிட்டி வேலை, நாதியில்லாத வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளையும் வயசானவர்களையும் பார்த்துக்கொள்வது. ராத்திரி லில்லி. 1987 ஜனவரியில் ஒரு ராத்திரி அவர் மேடையில் இருக்கும்போது முப்பதுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்கள். எய்ட்ஸ் பயம். அங்கே இருக்கிற எவனைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளுமாம். மேடையிலிருந்த லில்லி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவ ஆள் வந்தாச்சு போல என்கிற மாதிரி ஒரு போடு போட்டார். குடித்திருந்ததாகக் குற்றம் சொல்லிப் பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாராயக்கடையில் குடித்திருந்த குற்றம்!

இதில் இன்னொன்று. அதே 1987 ஜனவரியில்தான் அந்த நாட்டு அரசாங்கம் வீடு வீடாக ஒரு துண்டுப் பிரசுரம் போட்டது. எய்ட்ஸ் எப்படி வரும், எப்படி வராது என்று அச்சடித்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் செருகினார்கள். கைகுலுக்கினால் வராது, தொட்டால் வராது என்று அதில் இருந்தது. அரசாங்கத்தின் ஒரு கை பிரசுரம் செருகுகிறது, இன்னொரு கை உறை மாட்டுகிறது. தீட்டு என்பது தெரியாமையால் வருவது, படிப்பு வந்தால் போய்விடும் என்று நம்ம ஆட்கள் சிலர் இன்னமும் பேசுகிறார்கள். அந்தப் போலீஸ்காரர்களின் வீட்டுக் கதவிலும் அந்தப் பிரசுரம் கிடந்திருக்குமே.

தம்பி இதைச் சொல்லி முடித்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்: "தோழர், நான் யாருன்னு இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நம்ம மேடையில ஏறி இத நான் சொன்னா என்ன ஆகும்?"

நான் பதில் சொல்லவில்லை. பாட்டுச் சத்தம் அதிகமாக இருந்தது. சத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டது இது.

எங்கப்பா ஒரு நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. கக்கூஸ் வாரியவர். தகரம், வாளி, துடைப்பம், இதுதான் அரசாங்கம் கொடுத்த ஆயுதம். கையுறை கிடையாது. 1991 வாக்கில் ஒருதரம் வந்தது. இரண்டு ஜோடிக்குக் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஒரு ஜோடி கொடுத்தார் மேஸ்திரி. இதப் போட்டா தொடப்பம் புடிபடலன்னு சொல்லி அப்பா அதைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டார். வருசக்கணக்காகத் தொங்கியது, இரண்டு கை யாரையோ கும்பிடுகிற மாதிரி. வேலை முடிந்து வந்தால் சாம்பல் போட்டு ஒருதரம், சோப்பு போட்டு ஒருதரம் கை கழுவுவார். இருந்தும் எங்களுக்கு அவர் கையால் ஒரு வாய் சோறு ஊட்டினதில்லை. நாங்கள் கேட்டால், அம்மாகிட்டப் போ என்பார்.

பெரியப்பா மகன் ஒருத்தர் எங்களுக்கு. அண்ணன். எங்க சேரி ஜமாவில் பொம்பள வேசம் கட்டுவார். திரௌபதியாக அவர் தலைவிரி கோலத்தோடு சபையில் நின்று நியாயம் கேட்டால் பொம்பளைங்க தலைப்பில் மூக்கைச் சிந்துவார்கள். ஊர்த்தெருவில் இருந்த திரௌபதி அம்மன் கோயிலுக்குள் மட்டும் அந்தத் திரௌபதி போக முடியாது. (இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நம்ம ஆட்கள் போனதற்கு அடிதடியாகி, 2023இல் அரசாங்கம் கோயிலுக்கே சீல் வைத்தது.) வேசம் கலைத்த பிறகும் அண்ணன் நடை மாறாது. தெருப்பயல்கள் ஒன்பது என்று கூப்பிடுவார்கள். ஊர்த்தெருப் பயல்கள் மட்டும் இல்லை, எங்க தெருப் பயல்களும்தான். நானும்தான். அவருக்கு டவுனில் ஒரு சிநேகிதர் இருந்தார். யார், என்ன என்று நான் கேட்டதே இல்லை.

1998இல் அண்ணனை ஒரு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டுக்குள் இல்லை, வராண்டாவில் கடைசிக் கட்டில். என்ன நோய் என்று சீட்டில் எழுதியிருந்ததோ இல்லையோ, தட்டைக் காலால் தள்ளுகிற விதத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துபோனது. பெரியம்மா மட்டும் பக்கத்தில் கிடந்தது. நான் அப்போது இயக்கத்தில் தீவிரமாக இருந்தேன். இரட்டை டம்ளரை எதிர்த்து அந்த வாரம்தான் ஒரு மேடையில் முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். கைதட்டல் வேறு. அந்தச் சூட்டோடு பார்க்கப் போனேன்.

வார்டு பாய் என்னை வராண்டாவிலேயே நிறுத்தினார். சட்டை, பேனா, ஜோல்னாப் பை எல்லாவற்றையும் பார்த்தார். பெரியம்மாவுக்குக் கொடுக்காததை எனக்குக் கொடுத்தார். ஒரு ஜோடி ரப்பர் கையுறை. "நீங்க படிச்சவரு, போட்டுக்குங்க சார்" என்றார்.

அவர் என்னை சார் என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். போட்டுக்கொண்டேன்.

அண்ணன் எலும்பாகக் கிடந்தார். என் கையைப் பார்த்தார். கட்டியக்காரன்களோடு வாழ்ந்த ஆள் இல்லையா, அந்த நிலையிலும் வாய் போகவில்லை. "என்னடா தம்பி, ஆட்டம் எனக்கு, வேசம் நீ கட்டிக்கினு வந்துகிற?" என்றார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நான் பிடித்தேன். ரப்பர் பிடித்தது. சூடாக இருந்ததா, சில்லென்று இருந்ததா எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் போய்விட்டார். தூக்குவதற்கு ஆள் வரவில்லை. எல்லாருடைய பொணத்துக்கும் வெட்டியான் வேலை பார்க்கிற எங்க தெருவில், அன்றைக்கு ஆள் வரவில்லை. அப்பா வந்தார். வார்டு பாய் அவருக்கும் ஒரு ஜோடியை நீட்டினார், இந்தத் தடவை தாராளமாக. "முப்பது வருசமா குடுக்காதத இப்ப எதுக்குய்யா குடுக்குற" என்று அப்பா கேட்டார். வெறுங்கையால் அண்ணனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. அப்பா யாரையும் அப்படித் தொட்டு நான் பார்த்தது அதுதான். நான் வண்டிக்காரனிடம் கூலி பேசிக்கொண்டிருந்தேன். யாராவது பேசணுமே.

எய்ட்சுக்கு இலவச மருந்து நம்ம நாட்டில் 2004 ஏப்ரலில்தான் கொடுக்க ஆரம்பித்தார்கள். தாம்பரத்திலும் கிடைத்தது. ஆறு வருசம் பொறுத்து.

வாக்ஸாலில் போலீஸ் கையுறையோடு வந்து போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1987 ஏப்ரலில் அதே லண்டனில் இளவரசி டயானா ஒரு ஆஸ்பத்திரிக்கு எய்ட்ஸ் வார்டு திறக்கப் போனார். கையுறை இல்லாமல் ஒரு நோயாளியோடு கைகுலுக்கினார். அந்தப் போட்டோ உலகமெல்லாம் சுற்றியது. போட்டோவில் டயானாவின் முகம் தெரியும். அந்த ஆளின் முதுகுதான் தெரியும். முகம் தெரியக்கூடாது என்கிற நிபந்தனையோடுதான் அவர் சம்மதித்தார். ராஜா வீட்டுப் பெண் தொட்டது வரலாறு ஆகிவிட்டது. தொடப்பட்டவன் முகத்தைக் காட்ட முடியவில்லை. காந்தி பங்கி காலனியில் தங்கின போட்டோக்களைப் பார்க்கும்போதும் எனக்கு இதே எரிச்சல் வரும். இந்தக் கடையில் டயானாவைப் பற்றி ஒரு கதையும் சொல்கிறார்கள். 1988இல் பாடகர் ஃபிரெடி மெர்குரியும் நடிகர் கென்னி எவரெட்டும் டயானாவுக்கு ஆம்பள வேசம் போட்டு இங்கே கூட்டி வந்தார்களாம், யாரும் கண்டுபிடிக்கவில்லையாம். நிஜமோ பொய்யோ, கூத்துக்கதைக்கு அத்தாட்சி யார் கேட்பது? கூட்டி வந்ததாகச் சொல்லப்படுகிற இரண்டு பேரும் பின்னால் எய்ட்சில்தான் செத்தார்கள், 1991இல் ஒருத்தர், 1995இல் ஒருத்தர்.

2014இல் இந்தக் கட்டடத்தை ஒரு ஆஸ்திரியக் கட்டுமான நிறுவனம் வாங்கியது. நிலத்துக்கு அங்கே பொன் விலை. இடித்துவிடுவார்கள் என்று பயந்து அங்கே ஆடுகிறவர்களும் குடிக்கிறவர்களும் சேர்ந்து சண்டை போட்டார்கள். 2015 செப்டம்பரில் அரசாங்கம் இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. இந்த மக்களின் வரலாற்றுக்காகவே அந்த நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் கட்டடம் இதுதான். எல்லாக் கடைக்கும் இந்த யோகம் வாய்க்கவில்லை. லில்லி முதலில் வேசம் கட்டிய பிளாக் கேப், கேம்டனில் இருந்தது, அதே 2015 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். 2006இலிருந்து பத்து வருசத்தில் லண்டனில் இப்படிப்பட்ட இடங்கள் பாதிக்கும் கீழே குறைந்துபோயின. 2015இல்தான் பாபாசாகேப் வீட்டையும் மகாராட்டிர அரசு வாங்கியது. அது குடியிருப்பு வீடு, நினைவகமாக மாற்றக்கூடாது என்று உள்ளூர் நிர்வாகம் மறுத்து, 2020இல்தான் அனுமதி கிடைத்தது. நான் அந்த வாசலில் நின்றபோது வழக்கு நடந்துகொண்டிருந்தது. நம்ம ஆட்களுக்கு ஒரு செங்கல் நிற்கணும் என்றாலும் வழக்குத்தான்.

இந்தக் கடையைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. தம்பியே சொல்லவில்லை. "இங்க வெள்ளக்காரன் என் ஊர் எதுன்னு கேக்கமாட்டான் தோழர். நம்ம நாட்டுப் பசங்க வருவாங்க பாருங்க, அவங்க கேப்பாங்க. மொதல்ல ஊரு, அப்புறம் அப்பா பேரு, அப்புறம் கறி திம்பியான்னு. அதுக்கப்புறம் போன் எடுக்கமாட்டாங்க." சாதியைச் சமத்துவச் சட்டத்துக்குள் கொண்டுவரணும் என்று அந்த நாட்டுப் பார்லிமெண்ட் 2013இல் சொன்னது. 2018இல் அரசாங்கம் கைகழுவிவிட்டது. எதிர்த்து நின்றவர்கள் யார் என்று சொல்லணுமா?

2023 மார்ச்சில் பால் ஓகிரேடி இறந்துபோனார். அந்த ஜூனில் லண்டன் போலீஸ் கமிஷனர் இந்த மக்களிடம் பழைய தப்புகளுக்காக மன்னிப்புக் கேட்டார். செய்தியைத் தம்பிதான் அனுப்பினான். கீழே ஒன்றும் எழுதவில்லை. நானும் ஒன்றும் எழுதவில்லை. அதற்கப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்றைக்கு ராத்திரி ஆட்டம் முடிந்ததும் அந்த ஆறடி ஆள் மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் வந்தார். டோப்பா சாய்ந்திருந்தது, மை வழிந்திருந்தது. சிவப்புக் கையுறை இரண்டையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வழியில் நின்றவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது தம்பி என்னைக் காட்டி ஏதோ சொன்னான். இந்தியா என்பது மட்டும் காதில் விழுந்தது. அவர் கையை நீட்டினார். வேர்த்துப்போய் நசநசவென்று இருந்தது. விரலெல்லாம் பவுடர். நல்ல சூடு.